காவா ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவான காவாச் செடியின் வேரை இடித்து, தண்ணீரில் பிசைந்து வடிகட்டிக் குடிப்பது வனுவாட்டு, பிஜி, தொங்கா, சமோவா முதலிய பசிபிக் தீவுகளின் நெடுநாள் வழக்கம். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், தெலுங்கரின் வழித்தோன்றல்களும் இதைக் ‘கிராக்’ என்ற பெயரில் குடித்து வருகிறார்கள். காவாவில் கலப்படம் என்றதும் தூளில் மாவு சேர்ப்பதே நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பயிரின் பெயரைக் கெடுத்த பெருந்தவறுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே, செடியைத் தேர்ந்தெடுக்கும்போதும் தோண்டும்போதும் உலர்த்தும்போதும், நேர்ந்துவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரகம் தெரியாத காவாவை நடுவதும் வாங்குவதும். காவா விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே அது பெருக்கப்படுகிறது. ஆகவே தவறான ஒரு தாய்ச்செடியிலிருந்து எடுத்த துண்டுகள் தோட்டம் முழுவதையும் தவறான இரகமாக்கிவிடும். தினமும் குடிக்கத் தகுந்தவை ‘நோபிள்’ எனப்படும் உயர் இரகங்கள். வனுவாட்டுவின் பெந்தகோஸ்து தீவில் விளையும் பொரோகு இவற்றில் பெயர்பெற்றது. ‘டூடே’ இரகங்களைக் குடித்தால் மயக்கமும் குமட்டலும் மறுநாளும் விடாது என்பதால்தான் இரண்டு நாள் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. இருந்தும் டூடே பயிரிடப்படுவதற்குக் காரணம், அது விரைவாக வளர்ந்து அதிக விளைச்சல் தருவதே. வனுவாட்டு 2002-இல் இயற்றிய காவாச் சட்டம் டூடே ஏற்றுமதியைத் தடுக்கிறது. ஆனால் உலர்ந்து சில்லுகளான பின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. எனவே இரகத்தைத் தோட்டத்தில், செடி நிற்கும்போதே, உறுதி செய்துகொள்வதுதான் சரி.

இந்தத் தவறுக்கு வாங்குபவர்களும் துணைபோகிறார்கள். குடித்தவரை அமைதிப்படுத்தும் காவாவின் செயல் அதிலுள்ள காவாலாக்டோன் என்னும் சேர்மங்களால் அமைகிறது. மொத்தக் காவாலாக்டோன் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்கும் இறக்குமதியாளர், தம்மை அறியாமலே டூடேயை ஊக்குவிக்கிறார். ஏனெனில் அந்த அளவில் டூடே பின்தங்குவதில்லை. பல நேரங்களில் முந்தியே நிற்கிறது. கேட்க வேண்டியது ஆறு முக்கியக் காவாலாக்டோன்களின் விகிதத்தை. உயர் இரகங்களில் பொதுவாகக் காவைன் முன்னிலையில் இருக்கும். டூடேயில் டைஹைட்ரோமெதிஸ்டிசினும் டைஹைட்ரோகாவைனும் மேலோங்கும். தூளைச் சிறிது அசிட்டோனில் ஊறவைத்து நிறம் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு: உயர் இரகம் மஞ்சளாகவும் டூடே ஆரஞ்சு நிறமாகவும் கரையும். முதற்கட்டமாகப் பிரித்தறிய இது நல்லது. இரண்டையும் கலந்த சரக்கில் இதையே இறுதி முடிவாகக் கொள்ளக் கூடாது, ஆய்வகப் பகுப்பாய்வு வேண்டும்.

செடியின் எந்தப் பகுதி தூளாகிறது என்பதில் அலட்சியம் காட்டுவது அடுத்த தவறு. பக்கவேரில் ஏறத்தாழ 15 விழுக்காடும், அடிக்கட்டையில் 10 விழுக்காடும், தரையை ஒட்டிய அடித்தண்டில் 5 விழுக்காடும் காவாலாக்டோன் இருப்பதாகக் கணக்கு. பிஜியில் வேரை வாகா என்றும் அடிக்கட்டையை லெவேனா என்றும் பிரித்து வெவ்வேறு விலைக்கு விற்பது இதனால்தான். தண்டையும் அதன் தோல் சீவல்களையும் வேரோடு கலந்து விற்பது விலை மோசடி மட்டுமன்று. இலையிலும் தண்டுத் தோலிலும் பைப்பர்மெதிஸ்டின் என்ற ஆல்கலாய்டு உள்ளது. ஆய்வகத்தில் கல்லீரல் செல்களின் மீது அது நச்சாகச் செயல்பட்டது. காவா மருந்துகளைக் கல்லீரல் பாதிப்புப் புகார்களின் பேரில் 2002-இல் ஜெர்மனி தடை செய்தபோது, அசிட்டோனிலும் எத்தனாலிலும் வடித்த சாறுகளுக்குத் தோல் சீவல்களும் டூடேயும் பயன்பட்டனவா, பூஞ்சை பிடித்த சரக்கு சேர்ந்ததா என்ற கேள்விகள் எழுந்தன. எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்ற பதிவு சரிவர இல்லாததால் அவற்றுக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. 2014-இல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் தடையை ஏற்க மறுத்தது. 2019-இல் அந்த மருந்துகளின் உரிமங்கள் மீண்டும் ரத்து செய்யப்பட்டன. வேரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பழகிய தீவு உழவர்கள், தாங்கள் செய்யாத ஒரு தயாரிப்பு முறைக்கும் சேர்த்து விலை கொடுத்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

விலை ஏறும்போது இளஞ்செடியைத் தோண்டும் ஆசை வலுக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நிற்க வேண்டிய செடியை முன்கூட்டியே பறித்தால் வேரும் குறையும், வீரியமும் குறையும். 2015-இல் பாம் புயல் வனுவாட்டுவையும், 2016-இல் வின்ஸ்டன் புயல் பிஜியையும் தாக்கியதற்குப் பின் சரக்கு அருகி விலை உயர்ந்தது. கலப்படத்துக்கு வாய்ப்பான இத்தகைய காலத்தில்தான் கொள்முதலில் கூடுதல் விழிப்புத் தேவை.

உலர்த்துவதில் விதி எளியது, ஆனால் அடிக்கடி மீறப்படுகிறது. மண் போகக் கழுவாமல் உலர்த்துவதும், வெறுந்தரையில் பரப்புவதும், அரைகுறையாக உலர்ந்ததை மூட்டை கட்டுவதும் கூடாது. ஈரமான மூட்டையில் பூஞ்சை வளரும், அஃப்லாடாக்சின் போன்ற நச்சுகளுக்கும் இடமுண்டு. உயர்த்திய பரண்களிலோ சூரிய உலர்த்திகளிலோ உலர்த்தி, ஒடித்தால் முறியும் பதம் வந்த பிறகே கட்ட வேண்டும்.

இனி, தூளில் நடக்கும் நேரடிக் கலப்படம். மிளகில் பப்பாளி விதை கலப்பதைப் போலக் காவாத் தூளில் மாவும் மரத்தூளும் சேர்க்கப்படுகின்றன. மாவைக் கண்டுபிடிக்க அயோடின் சொட்டிப் பார்ப்பது இங்கே பயன்படாது. உலர்ந்த காவா வேரிலேயே ஏறத்தாழ 43 விழுக்காடு மாவுச்சத்து இருப்பதால் தூய தூளும் நீலமாகும். நுண்ணோக்கியில் மாவுச்சத்துத் துகள்களின் வடிவத்தைப் பார்ப்பதே வழி. அதைவிட எளிது, தூளை வாங்காமல் வேராகவோ சில்லாகவோ வாங்கித் தாமே அரைத்துக்கொள்வது.

தண்ணீரில் கலந்து குடிக்கும் காவாவுக்கான வட்டாரத் தரத்தைப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2020-இல் ஏற்றது. ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் வணிக இறக்குமதியைச் சோதனை முறையில் அனுமதித்தது. இந்தச் சந்தைகளுக்கு அனுப்புபவர் ஒவ்வொரு மூட்டையிலும் தீவு, தோட்டம், இரகம், செடியின் பகுதி, அறுவடை நாள் ஆகியவற்றை எழுதி, அதே தொகுதியிலிருந்து ஒரு மாதிரியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். பல தோட்டங்களின் சரக்கை ஒன்றாகக் கொட்டிய பின் எழுதும் சீட்டுக்கு மதிப்பில்லை. கொள்முதல் நிலையத்தில் எடை போடும் நேரத்திலேயே அதை எழுதிவிட வேண்டும்.