பழைய நிசான் இ-என்வி200 வேனுக்குப் பெரிய பேட்டரி

விபத்தில் அடிபட்ட, 24 கிலோவாட் மணி பேட்டரி உள்ள இந்த மின்சார வேன் கையில் வந்தால் பெயின்ட், சீட்டெல்லாம் அப்புறம், முதலில் பேட்டரி. 12 வோல்ட் இணைப்பைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கை (பேட்டரியின் உயர் வோல்டேஜ் சுற்றைத் துண்டிக்கும் செருகி) உருவிப் பையில் போட்டுக்கொண்டு 10 நிமிடமாவது காத்திருங்கள், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 400 வோல்ட் டிசி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு வயரைத் தொடவே கூடாது, தனியாகவும் இறங்காதீர்கள். மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே கழற்றத் தொடங்குங்கள்.

சரி, எதைப் போடுவது? இதே வேனின் 2018 மாடலில் வந்த 40 கிலோவாட் மணி பேட்டரிதான் என் தேர்வு. இரண்டிலும் 96 செல் ஜோடிகள் தொடராக இருப்பதால் வோல்டேஜ் ஒத்துப்போகும். ஆனால் பழைய வேனுக்குப் புதிய பேட்டரியின் தகவல் புரியாது, நடுவில் அதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் கேன் பிரிட்ஜ் என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு வேண்டும். வாங்கும்முன், நிசான் மின்சார வண்டிகளின் பேட்டரி நிலையைக் காட்டும் லீஃப்ஸ்பை செயலியில் செல் வோல்டேஜ்களைப் பாருங்கள், ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் விட்டுவிடுங்கள்.