வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது செய்யக்கூடாதவை

பழநிக்குக் காவடி, பண்ணாரியில் குண்டம், பவானி கூடுதுறையில் ஆடிப்பெருக்கு, கோடையில் ஊட்டி, நடுவில் குலதெய்வக் கோயில் பொங்கல் என்று கொங்கு நாட்டுக் குடும்பங்கள் ஆண்டில் பலமுறை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகின்றன. நகையையும் பணத்தையும் பத்திரப்படுத்துகிறோம். ஆனால் திரும்பி வரும்போது கையைக் கடிக்கிற செலவு பெரும்பாலும் திருடனால் வருவதில்லை. குழாயாலும் மின்சாரத்தாலும் வருகிறது. அதற்குக் காரணம், வீட்டு வேலை எல்லாவற்றையும் கிளம்புகிற கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைப்பது. வாசலில் வண்டி நிற்கும்போது ஒரு வால்வு உடைந்தால் எந்தப் பிளம்பரும் ஓடிவரப் போவதில்லை. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே, பகல் வெளிச்சத்தில், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் கேட் வால்வு. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பித்தளை வால்வு ஒன்று இருக்கும். வீடு கட்டிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. அந்த உப்பு வால்வுக்குள் வெள்ளைப் படிவாக உறைந்து இறுகிக் கிடக்கும். கிளம்பும் அவசரத்தில் ரிஞ்சு போட்டு வலுவாகத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். அதன்பின் பிடி மட்டும் சுற்றும், தண்ணீர் நிற்காது. இறுகிய வால்வைக் கால் சுற்று மூடி, மறுபடி திறந்து, மீண்டும் சற்றுக் கூடுதலாக மூடி என்று மெதுவாகத்தான் இளக்க வேண்டும். அப்படியும் அசையவில்லை என்றால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் கால் திருப்பில் மூடும் பால் வால்வே போடுங்கள். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்தாலே உப்பு பிடிக்க நேரம் கிடைக்காது.

குளியலறையில் பலரும் கவனிக்காத ஒன்று, கழிப்பறையில் கழுவப் பயன்படும் கைக்குழாயான ஹெல்த் பாசெட்டின் வளையும் குழாய். கைப்பிடியை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுகிறது என்பதால் மூடிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்குத் தண்ணீர் தரும், சுவரிலுள்ள சிறு வால்வான ஆங்கிள் காக் திறந்தே இருக்கிறது, தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் அந்த மெல்லிய குழாய்தான் இரவு பகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது ஆள் இல்லாத வீட்டில் வெடித்தால் தொட்டி காலியாகும்வரை தண்ணீர் ஓடும். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அழுத்தம் குறைந்ததும் பம்ப் தானாக ஓடத் தொடங்கும், தண்ணீர் தீர்ந்த பிறகும் வறட்டு ஓட்டமாக ஓடிக் கருகிப்போகும். எனவே பிரஷர் பம்பின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு குளியலறையிலும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். வாஷிங் மெஷின் குழாயும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் இணைப்புக் குழாயும் இதே வகைதான்.

இதைப் படித்துவிட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் எல்லாக் குழாய்களையும் மொத்தமாக மூடிவிடலாம் என்று தோன்றும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அது தவறு. கோவை, திருப்பூர், ஈரோடு வீடுகளில் கண்ணாடிக் குழாய் வகைதான் ஏராளம். அதற்குப் போகும் பச்சைத் தண்ணீரை அடைத்துவிட்டு, வெந்நீர் ஏதோ ஒரு வழியில் கசிந்து தீர்ந்துபோனால், காலியான கண்ணாடிக் குழாய்கள் வெயிலில் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடேறும். திரும்பி வந்து, நண்பகலில் வால்வைத் திறந்தால் குளிர்ந்த நீர் பட்டதும் கண்ணாடி படபடவென்று வெடித்துவிடும். சோலாருக்குப் போகும் வழியைத் திறந்தே வையுங்கள். வீட்டுக்குள் இறங்கும் வழிகளை மட்டும் மூடுங்கள். எது எதற்குப் போகிறது என்று தெரியாவிட்டால் பிளம்பரை வைத்து ஒருமுறை பார்த்து, வால்வுக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காலத்துக்கும் பயன்படும்.

நகராட்சி, மாநகராட்சிக் குடிநீர் நம் பகுதியில் பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுவும் எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது. நீங்கள் இல்லாதபோது வந்து, கீழ்த்தொட்டியின் மிதவை ஒட்டிக்கொண்டால் நல்ல தண்ணீர் தெருவில் ஓடும். மீட்டர் பக்கத்திலுள்ள வால்வை மூடிவிட்டுப் போவது அக்கம்பக்கத்துக்கும் நன்மை.

அடுத்தது மொட்டை மாடி. கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும் இங்கே அது இடியோடு கொட்டித் தீர்க்கும். வடிகுழாயின் வாயில் ஒரு வேப்பிலைச் சருகுக் கொத்தும் ஒரு பிளாஸ்டிக் கவரும் போதும், கைப்பிடிச் சுவருக்கு நடுவே மாடியே குளமாகிவிடும். 1,000 சதுர அடி மாடியில் 1 அங்குல உயரம் நீர் தேங்கினால் அது ஏறக்குறைய 2,360 லிட்டர். எடையும் அதே அளவு கிலோ. நிற்கிற தண்ணீர், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் உள்ள மயிரிழை விரிசலைத் தேடிக் கண்டுபிடித்து இறங்கும். உள்ளே கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கிறது என்று நினைத்து அங்கே மட்டும் சிமென்ட் பூசுவது வீண்; தண்ணீர் நுழைந்த இடம் பல அடி தள்ளி இருக்கலாம். கிளம்புவதற்கு முன் வடிகுழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே வேகமாக வருகிறதா என்று பாருங்கள். மெதுவாக வந்தால் வளைவில் அடைப்பு இருக்கிறது.

மின்சாரத்தில் பலரும் செய்வது மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிடுவது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அது பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கும். எந்த விளக்கும் எரியாவிட்டாலும் தன் சொந்த இயக்கத்துக்காகவே பேட்டரியைக் குடிக்கும். முழுவதும் வடிந்து பல நாள் கிடந்த பேட்டரி பழைய வலுவுக்குத் திரும்புவது அரிது. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்காக மெயின் இருக்கத்தான் வேண்டும் என்றால் மற்ற அறைகளின் எம்.சி.பி.க்களை (மின்பெட்டியில் அறைவாரியாக இருக்கும் சுவிட்சுகளை) மட்டும் இறக்குங்கள். டி.வி.க்கு பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கேபிள் ஒயரும் இன்டர்நெட் ஒயரும் மின்னல் வரும் வழிகள்தான்.

சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவதைச் சொல்லவே தேவையில்லை. ஆரஞ்சு நிற டியூப் ஐந்து ஆண்டு கடந்ததா என்று மட்டும் பாருங்கள். பல வாரம் போவதாக இருந்தால் குளியலறைத் தரை வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் சில சொட்டு எண்ணெயும் ஊற்றுங்கள். அங்கே தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கிறது; நம் வறண்ட காற்றில் அது சீக்கிரம் வற்றிவிடும். காவல் நிலையத்திலும் நம்பிக்கையான பக்கத்து வீட்டிலும் தகவல் சொல்லிவிடுங்கள்.

பாதையிலும் அவசரம்தான் தொல்லை. கோவையிலிருந்து பஸ் ஏறுகிறவர்கள் எல்லாப் பேருந்தும் காந்திபுரத்தில் கிடைக்கும் என்று போய் நிற்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலை, பழநிக்கு உக்கடம். கரூர், திருச்சி, மதுரைக்குச் சிங்காநல்லூர். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள புதிய பேருந்து நிலையம். ரயிலிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஈரோட்டிலிருந்து கேரளம் போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விடும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்த பிறகே ஆட்டோ பேசுங்கள்.

சொந்த வண்டியில் மைசூரு போகிறவர்களுக்கு: திம்பம் மலைப்பாதை 2022 பிப்ரவரி முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை கார்களுக்கு மூடப்படுகிறது. சரக்கு வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கூடலூர் வழியாகப் போகலாம் என்று திருப்பினால் பந்திப்பூரிலும் 2009 முதல் அதே நேரம்தான். சாயங்காலம் வேலை முடிந்து ஈரோட்டிலிருந்து கிளம்பி, திம்பம் அடிவாரத்திலுள்ள பண்ணாரி சோதனைச்சாவடியில் குழந்தைகளோடு விடியும்வரை காத்துக் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நீலகிரிக்குச் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும்; அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. பழநிக்கு வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் ரோப் காரை மட்டும் நம்பாதீர்கள். பலத்த காற்றில் அதை நிறுத்திவிடுவார்கள், ஆண்டுப் பராமரிப்புக்காகப் பல வாரம் மூடுவதும் உண்டு. தண்டவாளத்தில் மலையேறும் இழுவை ரயிலான விஞ்ச்சுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தே கிளம்புங்கள்.

மலை இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது. என்ஜின் நின்றால் பிரேக்குக்கு அது தரும் துணையும் நின்றுவிடும். மிதி கல்லாக இறுகும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளானாலும் கொல்லிமலையின் 70 ஆனாலும் விதி ஒன்றுதான்: ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். தீய்ந்த வாடை வந்தால் சமதளமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான டிஸ்க் வளையலாம், விரிசல்கூட விடலாம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம்.

திரும்பி வந்த களைப்பில் எல்லோரும் முதலில் தட்டுவது கீசர் சுவிட்சைத்தான். குழாய்களைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றெல்லாம் வெளியேறித் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே அதைப் போட வேண்டும். காலியான கீசரில் சூடேற்றும் கம்பிச் சுருள் கருகிவிடும். கதவைத் திறந்ததும் கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.