கல்லீரல் நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய்) என்று சொல்லி, மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வார்டில் மூன்று ஷிப்ட் நர்ஸ்கள் மாறி மாறிப் பார்த்த வேலை முழுவதும் அன்று மாலையே வீட்டில் யாரோ ஒருவர் தலையில் வந்து இறங்கும். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடை, மலம், தூக்கம், இந்த மூன்றையும் தினமும் எழுதி வைத்தாலே பல ஆபத்துகளை இரண்டு நாள் முன்னதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், அதே மெஷினில் எடை பாருங்கள். வயிற்றில் 1 லிட்டர் நீர் கோர்த்தால் எடை 1 கிலோ ஏறும், வயிறு உப்புவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மெஷின் சொல்லிவிடும். இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறியிருந்தால் உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அது நீர். கோர்த்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எடை வேகமாக இறங்குவதும் நல்லதில்லை. கால் வீக்கம் இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ, வீக்கம் இருப்பவருக்கு 1 கிலோ, அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிறுநீரகம் அடிவாங்கும். வயிற்றுச் சுற்றளவு எடுப்பதாக இருந்தால் தொப்புள் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு தினமும் அதே கோட்டில் டேப் வையுங்கள், இல்லாவிட்டால் டேப் இரண்டு விரல் மேலே கீழே போய் அளவே தப்பாகிவிடும்.

அப்புறம் லாக்டுலோஸ் சிரப். அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். "வயிறு போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் நிறுத்திவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு, நினைவு தப்பிய நோயாளியைத் திரும்பக் கூட்டிவந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மலச்சிக்கல் மருந்தாக மட்டும் நினைக்காதீர்கள். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கெட்டுப்போன கல்லீரலால் சுத்தம் செய்ய முடியாது, அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்கும். அந்த அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றத்தான் இந்த சிரப். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போனால் அளவு சரி. ஒரு தடவைகூடப் போகவில்லையா, அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். தண்ணீராகப் பல முறை போகிறது என்றாலும் நீங்களாக நிறுத்தாமல் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள், ஏனென்றால் உடம்பில் நீர் வற்றினாலும் அதே குழப்பம் வரும்.

அந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடாது. பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருப்பார். எரிச்சல்படுவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். தினமும் காலையில் நோட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக் கையெழுத்துகள் வரிசையாக இருக்கும்போது, என்றைக்கு எழுத்து கோணலானது என்பது யார் பார்த்தாலும் தெரியும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ட்ராஃபிக் போலீஸ் நிறுத்தச் சொல்வதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். கை படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். பொதுவாக எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். பதிலாகக் கிடைக்கும் "குறைந்த சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. புரதத்தைப் பயந்து நிறுத்தாதீர்கள், அது பழைய யோசனை. ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை, இல்லாவிட்டால் தசை கரைந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள், படுக்கும் முன்னால் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். இந்தக் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு அதிகம் இருக்காது, ஒரு ராத்திரிப் பட்டினியே தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

காமாலை அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத க்ரீம் தடவுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால்கூட டாக்டரைக் கேட்டுத்தான், பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போக மாட்டார்கள்.

ரத்த வாந்தி, தார்போல ஒட்டும் கறுப்பு மலம், வயிற்றில் நீர் இருக்கும்போது காய்ச்சல் அல்லது வயிற்று வலி, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் ராத்திரி 2 மணி ஆனாலும் கிளம்புங்கள். ரத்தம் வாந்தியெடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். நோட்டையும் மருந்துப் பையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எப்போது மலம் போனது, எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டார் என்று கேட்பார்கள், அந்தப் பதற்றத்தில் எதுவுமே ஞாபகம் வராது.