டூரண்ட் கோப்பை ஃபைனல்: நாகர்கோவிலில் இருந்து கொல்கத்தா போய் வரும் வழி

டூரண்ட் கோப்பைக் கால்பந்து ஃபைனல் பார்க்கக் கிளம்புகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ‘செமி முடியட்டும், நம்ம டீம் ஜெயிச்சா போலாம்’ என்று காத்திருப்பார்கள். செமிக்கும் ஃபைனலுக்கும் நடுவே மூன்று நான்கு நாள்தான் இருக்கும். குமரி மாவட்டத்தில் இருந்து கொல்கத்தாவுக்கு ரயிலிலேயே இரண்டு இரவு போய்விடும். அதனால் எந்த டீம் வரும் என்று பார்க்காமல், ஆட்டத்துக்காகவே போவதென்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1888-ல் சிம்லாவில் தொடங்கிய, ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி இது. எந்த இரண்டு அணி வந்தாலும் பார்க்கலாம்.

2023-ல் செப்டம்பர் 3, 2024-ல் ஆகஸ்டு 31, 2025-ல் ஆகஸ்டு 23 என மூன்று ஃபைனலும் கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடை ஜூலை 31-ல் முடிந்துவிடும். கூட வருகிறவர்களில் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் கரையில் இருப்பார்களா என்று கேட்டுவிட்டே ஆள் கணக்குப் போடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு பெயரை மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை.

ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். போட்டி அட்டவணை வெளியாகும் அன்றே உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். வழி மூன்று இருக்கிறது (ஷாலிமார், ஹவுரா இரண்டும் கொல்கத்தாவை ஒட்டிய ஸ்டேஷன்கள்). நாகர்கோவில்–ஷாலிமார் குருதேவ் எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரம், எர்ணாகுளம் வழியாகப் போகும். கன்னியாகுமரி–ஹவுரா எக்ஸ்பிரஸ் மதுரை, திருச்சி வழி. இரண்டுமே வாரம் ஒருமுறைதான், ஆகவே ஆட்ட நாளுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் ரயில். மூன்றாவது கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ். இது ஹவுராவுக்குப் போகாது. கரக்பூரில் இறங்கி லோக்கல் ரயிலில் ஹவுராவுக்கு இன்னும் 115 கிலோமீட்டர் போக வேண்டும். வங்காளம் வழியாகத்தானே போகிறது என்று தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது ரயில் வடக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஓணத்தையும் பாருங்கள். ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் ஓணம் வந்தால் கேரளா வழி ரயில்கள் நிரம்பி வழியும், திருவனந்தபுரத்தில் இருந்து விமானக் கட்டணமும் ஏறும். அந்த வாரங்களில் மதுரை வழி ரயில்தான் நல்லது.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். ரயில் புறப்படும் ஸ்டேஷனில் இருந்து போட்டால் பொது வெயிட்டிங் லிஸ்ட் கிடைக்கும், அது மற்றவற்றைவிட வேகமாக நகரும். குழித்துறையில் ஏறுகிறவர்களும், ரயில் அங்கே நிற்குமென்றால், நாகர்கோவிலில் இருந்தே டிக்கெட் போட்டு ஏறும் இடத்தைக் குழித்துறை என்று கொடுக்கலாம். ஆன்லைன் டிக்கெட்டில் ஒருவருக்குக்கூட உறுதியாகாமல் சார்ட் வந்துவிட்டால் அது தானாக ரத்தாகும், அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. தட்கல் முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆன்லைனில் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், அதை இப்போதே முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு முதல் நாளோடு சரி. இரண்டாம் நாளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ், அவல், பழம். மீன்வறுவலைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அடைத்த ஏசிப் பெட்டியில் பக்கத்து ஆட்களுக்குத் தொந்தரவு.

இறங்கும் ஸ்டேஷனைச் சரியாகப் படியுங்கள். ஷாலிமார் வேறு, ஹவுரா வேறு. ஷாலிமாரில் இறங்கினால் டாக்ஸி பிடித்து ஹவுராவுக்கு வாருங்கள். அங்கிருந்து மெட்ரோ பச்சைப் பாதை ஆற்றுக்கு அடியில் போய், சியால்டா வழியாக, சால்ட் லேக் ஸ்டேடியம் ஸ்டேஷனிலேயே இறக்கிவிடும். 2025 ஆகஸ்டில் இந்தப் பாதை முழுவதும் திறந்த பிறகு இடையில் மாற வேண்டியதில்லை. ரூம் போடுவதென்றால் சியால்டா பக்கம் போடுங்கள். ஸ்டேடியத்தின் முழுப்பெயர் விவேகானந்த யுவபாரதி கிரிராங்கன், குமரிக்காரருக்குச் சொந்தப் பெயர்போலத்தான்.

மேட்ச் டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கும்போது, அதைக் கவுன்ட்டரில் காட்டிக் காகித டிக்கெட்டாக மாற்ற வேண்டுமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முந்தின நாளே ஊரில் இருக்க வேண்டும். இடம் தேர்வில் ஒன்றை மறக்காதீர்கள்: மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் புல்தரைக்கும் நமக்கும் நடுவே அந்த அகலம் விழும், எதிர்ப்பக்க கோல்போஸ்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. டச்லைனுக்கு (மைதானத்தின் நீளப்பக்கக் கோட்டுக்கு) நேராக, மேல் அடுக்கில் எடுங்கள். விங்கர் (ஓரத்தில் ஆடுகிறவர்) வெட்டி உள்ளே வருவதும், தடுப்பாட்டக்காரர்களின் பின்வரிசை நகர்வதும் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

பை, தண்ணீர் பாட்டில், லைட்டர், பவர் பேங்க் எல்லாம் வாசலில் பிடிக்கப்படலாம். பெரிய பையை ஹவுரா ஸ்டேஷன் கிளோக்ரூமில் வைக்கலாம், ஆனால் பூட்டு போட்டிருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். மழைக்காலம் என்பதால் குடைக்குப் பதில் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் ரெயின்கோட் எடுங்கள்.

மேட்ச் 5.30-க்குத் தொடங்கினாலும் அன்றிரவு ரயிலை நம்பித் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். 2024-ல் ஆட்டம் 2-2 ஆகிப் பெனால்டிக்குப் போனது. ஜெயித்தவர்களுக்கு டூரண்ட் கோப்பை, குடியரசுத் தலைவர் கோப்பை, சிம்லா டிராபி என்று மூன்று கோப்பை கொடுப்பார்கள், அதையும் பார்க்காமல் எழுந்து ஓட மனசு வராது. அதற்குப் பிறகு மெட்ரோ வாசலில் பெருங்கூட்டம் நிற்கும். மறுநாள் சென்னை ரயிலில் ஏறி, எழும்பூரில் இருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ அனந்தபுரியோ பிடிக்கலாம். சென்னையில் இரண்டு ரயிலுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பணமும் போய்விடும்.