ரெண்டடி உப்புத்தண்ணி தொட்டிக்கு எந்த சைஸ் மீன் வாங்குறது

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா யாராச்சும் ஒருத்தர் கைப்போன நீட்டி "அண்ணே, இந்த மீன் நம்ம தொட்டிக்கு ஆகுமா"ன்னு கேப்பாங்க. படத்தப் பாத்தா பாதி நேரம் ஆகாத மீனாத்தான் இருக்கும், அதுவும் வாங்கி தொட்டியில விட்ட பொறவுதான் கேக்குறாங்க. எங்க பத்தாங் பெர்ஜுந்தையில இருந்து (2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்தியாச்சு, எங்க வாயில பழைய பேருதான் வருது) நான் கிள்ளான் வரைக்கும் காடியில போயித்தான் உப்புத்தண்ணி மீன் வாங்குறது. அவ்ளோ தூரம் போனா வெறுங்கையோட திரும்ப மனசு வராது, தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. அதனால காடி எடுக்குறதுக்கு முன்ன வீட்டுலயே முடிவு பண்ண வேண்டியத சொல்றேன்.

எனக்கு நடந்தத மொதல்ல சொல்லிடுறேன். என் மக ஆசப்பட்டான்னு ப்ளூ டாங் ஒன்னு வாங்கினேன், கட்டவிரல் நீளம்தான் இருந்துச்சு, நீல உடம்பும் மஞ்ச வாலுமா அவ்ளோ அழகு. என் தொட்டி ரெண்டடி. கடைக்காரர் "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும், பயப்படாதீங்க"ன்னாரு, நம்பிட்டேன். எட்டு மாசத்துல உள்ளங்கை நீளம் வந்துருச்சு, நாள் பூரா கண்ணாடியோரமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிட்டே இருந்துச்சு, திரும்புறதுக்குள்ள செவுரு வந்துரும். அப்புறம் உடம்புல வெள்ளப் புள்ளி வந்து, அது மத்த மீனுக்கும் ஒட்டி, ஒரே வாரத்துல எல்லாம் போயிருச்சு. மக அழுதது இன்னும் மறக்கல. ப்ளூ டாங் 30 செ.மீ. வரைக்கும் வளரக்கூடிய மீன், பவளப்பாறையோரமா தூரந்தூரமா நீந்துற சாதி. எனக்கு அது அப்ப தெரியாது.

தொட்டிக்கு ஏத்த மாதிரி வளரும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. நெருக்கமான எடத்துல, கெட்ட தண்ணியில மீன் ஒழுங்கா வளராம குன்னிப் போறது உண்டுதான், ஆனா அது நோவு, பழகிக்கிட்டதுன்னு அர்த்தம் இல்ல. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு இத சொல்லித்தரணுமா? நர்சரியில செம்பனை கன்னு பாலிபேக்ல இருக்கும்போது ஒரு முழ எடத்துல நாலு வச்சிடலாம். வயல்ல நடும்போது ஏன் முக்கோணமா 9 மீட்டர், ஏறக்குறைய 30 அடி தள்ளித்தள்ளி நடுறோம்? கன்ன பாத்து நடல, பத்து வருசம் கழிச்சு மட்ட விரியப்போறத பாத்து நடுறோம். மீனும் அப்படித்தான், கடத் தொட்டியில இருக்குறது பாலிபேக் கன்னு.

இன்னொன்னு, நீளம் ரெண்டு மடங்கு ஆனா மீன் ரெண்டு மடங்கு ஆகுறதில்ல, ஒசரம் அகலம் எல்லாம் சேர்ந்து வளருறதால எடை எட்டு மடங்கு கிட்ட ஆயிடும். 5 செ.மீ. டாங் 30 செ.மீ. ஆனா நீளம் ஆறு மடங்கு, எடை 216 மடங்கு! தின்றதும் கழியுறதும் அதுக்கேத்த மாதிரி ஏறும், எல்லாம் அதே தொட்டித் தண்ணியிலதான் கலக்குது. நல்லதண்ணி மீனுக்கு ஒரு கேலனுக்கு ஒரு இஞ்சி மீன்னு சொல்ற கணக்க இங்க கொண்டுவராதீங்க, உப்புத்தண்ணியில அது உதவாது.

சரி, தொட்டிய அளங்க. உள்பக்கம் நீளம், அகலம், ஒசரம் மூனையும் செ.மீ.ல எடுத்து பெருக்கி 1000ல வகுத்தா லிட்டர். 60க்கு 30க்கு 36 தொட்டி 64 லிட்டர் சொச்சம் வரும், ஆனா மணலும் பாறையும் போட்டு மேல கொஞ்சம் எடம் விட்டா நெசமான தண்ணி 50, 55 லிட்டர்தான், நீங்க கணக்கு போட வேண்டியது இந்த நம்பருக்கு.

நம்ம ஊரு வெக்கையையும் கணக்குல சேக்கணும், இத நெறைய பேரு விட்டுடுறாங்க. தகரக் கூர வீட்டுல மத்தியானம் தொட்டித் தண்ணி 30 டிகிரிய தாண்டிடும், சூடான தண்ணியில ஆக்சிஜன் கொறச்சலாத்தான் நிக்கும், அதனால குளிர் ஊருக்காரங்க வீடியோவுல இத்தன மீன் விட்டுருக்காங்கன்னு நாமளும் விடக்கூடாது. தண்ணி மேல சின்ன காத்தாடி வச்சா ரெண்டு மூனு டிகிரி எறங்கும். ஆனா தண்ணி ஆவியாகி கொறையும், உப்பு ஆவியாகாது, கொறைஞ்சத உப்பில்லாத ஆர்ஓ (வடிகட்டி சுத்தம் பண்ண) தண்ணியால மட்டும் தெனமும் நிரப்பணும். உப்பு அளவு (உப்பில்லாத தண்ணிய 1ன்னு வச்சு பாக்குற அடர்த்தி) 1.025 கிட்ட நிக்கணும். தண்ணிய வாங்குன உப்பு கலந்து வீட்டுலயே தயார் பண்ணுங்க, கோலசிலாங்கூர் பக்கம்தானே கடல், மொண்டு வந்துடலாம்னு நெனைக்காதீங்க, அது சேறும் ஆத்துத்தண்ணியும் கலந்த அலையாத்திக்காட்டு கர, பவளப்பாற மீனுக்கு ஆகாது.

இப்ப மீன். ஒரு மீன் பிடிச்சிருந்தா கடையில எவ்ளோ நீளம் இருக்குன்னு பாக்காதீங்க, வளந்தா எவ்ளோன்னு பாருங்க. பிஷ்பேஸ்னு ஒரு இணையத்தளத்துல மீனோட அறிவியல் பேர போட்டா அதிகபட்ச நீளம் வரும், சில மீனுக்கு வால சேக்காத நீளத்த போட்டிருப்பாங்க, அத கவனிங்க. அப்புறம் பழைய தமிழ் பேப்பர்ல அந்த நீளத்துக்கு மீன வரைஞ்சு வெட்டி தொட்டிக் கண்ணாடியில ஒட்டி வைங்க, ரெண்டு நாள் அங்கயே இருக்கட்டும். 30 செ.மீ. டாங்க வெட்டி 30 செ.மீ. அகலத் தொட்டியில வச்சுப் பாத்தா அதுக்கு மேல யாரும் ஒன்னும் சொல்ல வேண்டாம்.

நீளம் மட்டும் போதாது, மீனோட நடவடிக்கையும் பாக்கணும். 10 செ.மீ. கோபி (தரையோட ஒட்டி வாழுற சின்ன மீன் சாதி) ஒரே குழிக்கிட்ட உக்காந்து நாள ஓட்டிடும், அதே நீளத்துல ஓடுற மீனுக்கு மூனடி கூட பத்தாது. வாயையும் பாருங்க, வாய்க்குள்ள நொழையுற எந்த மீனும் அதுக்கு சாப்பாடுதான். லயன்பிஷ் ராத்திரியோட ராத்திரியா சின்ன கோபிய முழுங்கிட்டு காலையில ஒன்னும் தெரியாத மாதிரி நிக்கும்.

சின்னத் தொட்டிக்கு நான் மனசார சொல்ற மொத மீன் ஒசெல்லாரிஸ் கிளவுன், பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஆரஞ்சு வெள்ள பட்ட மீன். தொட்டியில 8, 9 செ.மீ. கிட்ட நின்னுடும், பண்ணையில பொரிச்ச குஞ்சே கெடைக்கும், கேட்டு அதையே வாங்குங்க. இதுல சைஸ் விசயம் ஒன்னு இருக்கு: கிளவுன் எல்லாம் பொறக்கும்போது ஆண் பக்கம், ஜோடியில பெருசு பொட்டையா மாறிடும். அதனால ஒரே அளவுல ரெண்டு வாங்காம ஒன்னு பெருசு ஒன்னு சிறுசுன்னு எடுங்க, சண்ட கொறையும். ஆனா மரூன் கிளவுன்னு செவப்பா ஒன்னு பக்கத்துலயே இருக்கும், அது 17 செ.மீ. வரைக்கும் போகும், முரடு, வேணாம்.

ரெண்டாவது மஞ்ச வாட்ச்மேன் கோபி, 10 செ.மீ., கூடவே ஒரு பிஸ்டல் எறாலு. எறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, அது குழி தோண்டும், கோபி வாசல்ல காவல் நிக்கும், எறாலு மீச எப்பவும் மீன தொட்டுக்கிட்டே இருக்கும். இத பாக்க நான் ராத்திரி தூக்கத்த விட்டுருக்கேன். பயர்பிஷ், ராயல் கிராம்மா ரெண்டும் 8, 9 செ.மீ.தான், நல்ல மீன். பயர்பிஷ் மட்டும் துள்ளும், மேல வல போட்ட மூடி இல்லாம வாங்காதீங்க, காலையில தரையில காஞ்சு கெடக்கும். பங்காய் கார்டினல் 8 செ.மீ., சுலாவெசி பக்கம் பங்காய் தீவுல மட்டும் இருந்த மீன், ஆண் மீனு முட்டைய வாயில வச்சு காப்பாத்தும், கடல்ல கொறைஞ்சு போச்சு, அதனால பண்ணை மீனா கேளுங்க. ரொம்ப குட்டித் தொட்டின்னா நியான் கோபி 5 செ.மீ., மஞ்ச கிளவுன் கோபி 3 செ.மீ. சொச்சம்.

கடையில நம்மள ஏமாத்துற குட்டிகளையும் சொல்லிடுறேன். வெள்ள உடம்புல கருப்பு பொட்டு வச்சு தல கவுத்து ஆடி ஆடி நீந்துமே பாந்தர் குரூப்பர், அது வேற ஒன்னுமில்ல, சீன கடையில வெல சாஸ்தியா விக்கிற கெராப்பு திக்குஸ், 70 செ.மீ. வரைக்கும் வளரும். காஞ்ச இல மாதிரி இருக்குற பேட்பிஷ் அர மீட்டர். நீலத்துல வெள்ள வளையம் போட்ட எம்பரர் ஏஞ்சல் குட்டி 40 செ.மீ. பந்து மாதிரி கூட்டமா சுத்துற கருப்பு வெள்ள கோடு குட்டி செம்பிலாங் காராங் (கெளுத்தி சாதி), 30 செ.மீ. தாண்டும், முள்ளுல வெசம். டாமினோ டாம்சல் மலிவா கெடைக்கும், 14 செ.மீ. ஆயி தொட்டியே தன்னுதுன்னு மத்தத அடிச்சு மூலையில ஒடுக்கும். மாண்டரின் மட்டும் வேற கதை: 7, 8 செ.மீ.தான், அளவு சரிதான், ஆனா பாறையில உயிரோட இருக்குற பொடிப் பூச்சிய நாள் பூரா பொறுக்கித் தின்றது, 50 லிட்டர்ல அது ரெண்டு மூனு வாரத்துல தீந்துடும், மீனு பட்டினி கெடந்து சாகும்.

ஒன்றரையடி, 40 லிட்டர் தொட்டிக்கு சின்ன கோபி ஒன்னு, மிஞ்சினா ரெண்டு. ரெண்டடிக்கு கிளவுன் ஜோடியும் கோபியும், மூனு மீனு, அதோட நிறுத்திக்கங்க. மூனடி, 180 லிட்டர் இருந்தா இதோட ராயல் கிராம்மா ஒன்னு, பங்காய் ஜோடி ஒன்னு சேக்கலாம். டாங் இதுல எதுக்கும் இல்ல.

விடுற வரிசையும் முக்கியம். தொட்டி வச்ச அன்னிக்கே மீனு விடாதீங்க, எறாலு துண்டு ஒன்னு போட்டு அழுக விட்டு அமோனியா, நைட்ரைட் (அழுகுறதுல வர்ற, மீனுக்கு வெசமான சரக்கு) ரெண்டும் ஏறி எறங்கி சோதிச்சா சுழியம் காட்டணும், 4லேந்து 6 வாரம் ஆகும். மொதல்ல சாதுவான கோபி, ரெண்டு மூனு வாரம் பொறுத்து கிளவுன், அடிக்கிற குணம் உள்ளது கடைசி. முரட மொதல்ல விட்டா எடம் புடிச்சுக்கிட்டு பின்னால வர்றத வாழ விடாது. கடையில ரொம்ப பொடிசையும் எடுக்காதீங்க, ரொம்ப பெருசையும் எடுக்காதீங்க, பொடிசு சீக்கிரம் பட்டினியில போயிடும், கடல்ல புடிச்ச பெருசு தொட்டிச் சாப்பாட்ட தொடாது. நடு சைஸ் எடுங்க, காசு குடுக்குறதுக்கு முன்ன கண்ணெதிர தீனி போடச் சொல்லுங்க, தின்னா மட்டும் எடுங்க. வயிறு உள்ள போனது, மூச்சு வேகமா வாங்குறது வேணாம்.

ஏற்கெனவே பெருசாகுற மீனு வாங்கியாச்சுன்னா பெருசாகட்டும் பாப்போம்னு வச்சிருக்காதீங்க, சின்னதா இருக்கும்போதுதான் கட திருப்பி எடுக்கும், இல்ல ஆறடி தொட்டி உள்ளவங்க வாங்கிக்குவாங்க. சிலாங்கூர் ஆத்துலயோ கடல்லயோ மட்டும் விடாதீங்க, மீனும் சாகும், நோயும் பரவும். டாங்க புடிக்கும்போது வல போடாதீங்க, வாலு கிட்ட ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி முள்ளு இருக்கு, வலையில மாட்டிக்கிட்டு மீனும் கிழியும் உங்க கையும் கிழியும். வெளக்க அணைச்சிட்டு, பெரிய பிளாஸ்டிக் டப்பாவ சாய்ச்சு புடிச்சு, மீன மெதுவா அதுக்குள்ள ஓட்டி தண்ணியோட தூக்குங்க.