பிச்சாவரம்: பறவை பார்க்க ஓதம் பார்த்துப் போங்கள்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏறக்குறைய 15 கி.மீ. வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்; ஆனால் புயலும் வெள்ளமும் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் படகுக்குத் தோது.

நாளைத் தேர்ந்தெடுக்கும் முன், கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை ஏழு, எட்டு மணிவாக்கில் ஏற்றம் உச்சத்தைத் தொடும் நாளே சிறந்தது. நீர் நிறைந்திருக்கும்போது சுரபுன்னை வேர்களுக்கு நடுவே உள்ள குறுகிய கால்வாய்களில் நுழையலாம். வற்றத் தொடங்கியதும் அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்துவிடுங்கள். தாமதித்தால் படகு சேற்றில் தட்டும். அப்போது இறங்கித் தள்ளாதீர்கள்: முழங்கால்வரை புதையும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். துடுப்பை ஊன்றிப் பின்னோக்கித் தள்ளுங்கள். கிளம்பும்போதே படகுக்காரரிடம், “அண்ணே, வத்தம் எப்ப புடிக்கும்?” என்று கேட்டுவிடுவது நல்லது. வற்று நீர் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். திரும்பி வரத் தெம்பை மிச்சம் வையுங்கள்.

துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் சத்தத்தில் பறவை நிற்காது. சொந்தக் கயாக் கொண்டுபோவதென்றால் முதலில் வனத்துறை அனுமதி. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம். தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். ஆடும் படகில் பத்து மடங்கு பெருக்கம் கண்ணைத்தான் வலிக்க வைக்கும்.

சேறு தலைகாட்டியதும் அதில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் வந்து இறங்கும். சிவந்த கால் தெரிந்தால் பவளக்காலியா என்று பாருங்கள். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் அதுவேதான். காலையில் கிழக்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான், வெயில் முதுகில் படும்படி படகைத் திருப்புங்கள். மேய்கிற பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள், துடுப்பை நிறுத்துங்கள். வடக்கே நெடுந்தூரம் திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை அது இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது.

வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையைப் பறிக்காமல் உற்றுப் பாருங்கள், மேலே உப்புப் பூத்திருக்கும். கரையோரத் தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். கிளை ஒடிந்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். குடிப்பதற்குப் போக, இதற்கென்று ஒரு லிட்டர் தண்ணீர் தனியாக இருக்கட்டும்.