மங்கிய சிவப்பை மீட்ட விதம்

திருகோணமலை உப்புவெளியில் கடற்காற்றிலும் வெயிலிலும் நின்ற எங்கள் பழைய சிவப்புக் காரின் பொனற், தடவினால் விரலில் வெண்தூள் ஒட்டுமளவுக்கு மங்கிப்போயிருந்தது. உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நிறுத்தி, சவர்க்கார நீர் தெளித்துக் பூச்சில் படிந்த அழுக்கை இழுத்தெடுக்கும் களிக்கட்டியை (கிளே பார்) மெல்ல ஓட்டியபோது, கண்ணுக்குத் தெரியாதிருந்த அழுக்கு அதில் கருமையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னர் மங்கிய மேற்படையைத் தேய்த்தெடுக்கும் பசையான றப்பிங் கொம்பவுண்டைச் சிறுசிறு பகுதிகளாகத் தேய்த்தேன், துணி சிவந்தது. மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இல்லாத பெயின்ற் என்பதற்கு அதுவே அடையாளம் என்பதால், பதறத் தேவையில்லை. ஆனால் விளிம்புகளில் பூச்சு எளிதில் தேய்ந்து அடிப்பூச்சு வெளிப்பட்டுவிடும்; அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுவது கட்டாயம் என்பேன். நுண்மையான பொலிஷ் தேய்த்ததும் வேப்பங்கிளைகள் பொனற்றில் இலை இலையாகத் தெரிந்தன. அதன்மேல் மெழுகு பூசினேன்; வடகீழ்ப் பருவமழைக்கு முன் மறுபடியும் பூசுவேன்.